இலை போட்டாச்சு, சோறு எங்கே?

பெயர் வைப்பதில் கம்ப்யூட்டர்காரர்கள் பொதுவாக மோசம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தங்களை அறியாமல் நல்ல பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓடவிடும்போது, உள்ளே ஓடுவதற்கு கெஸ்ட் என்று பெயர். இடம் கொடுப்பதற்கு ஹோஸ்ட். விருந்தாளி, விருந்து வைக்கிறவர். அந்தப் பெயரை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு, அங்கே விருந்து எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. இலைகள் வரிசையாகப் போட்டிருக்கின்றன. தண்ணீர் தெளித்தாகிவிட்டது. அடுக்களையில் பாதிப் பேருக்குத்தான் சோறு இருக்கிறது. இதைத் தவறு என்று சொன்னால், "அண்ணே, உலகம் பூரா இப்படித்தான்" என்கிறார்கள். அந்த பதில்மேல்தான் எனக்குக் கோபம்.

கவிதையும் நாவலும் படிக்க வந்த உங்களுக்கு இது எதற்கு என்றால், இந்தப் பக்கத்தை உங்கள் திரைக்கு அனுப்பிய சர்வரே அநேகமாக ஒரு கெஸ்ட்தான். நண்பர்கள் நாலு பேர் காசு போட்டு நடத்தும் சிறுபத்திரிகைத் தளம், பழைய நூல்களை ஸ்கேன் செய்து ஏற்றிவைக்கும் தளம், எல்லாமே எங்கோ ஒரு பெரிய இயந்திரத்துக்குள் வாடகைக்குக் குடியிருக்கின்றன. சில நூறு ரூபாய் வாடகை. அதற்கான விளம்பரத்தில் ஓர் எண் இருக்கும்: 4 ஜிபி மெமரி. உள்ளே போய் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாலும் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? யாரோ ஒரு சிப்பில் உங்களுக்கென்று 4 ஜிபி பிரித்துப் பூட்டிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால், அது இல்லை. அது ஒரு பேச்சு. அவ்வளவுதான்.

கொஞ்சம் உள்ளே போகவேண்டும். ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2003-இல் வெளியிட்ட க்யூஎமு என்ற எமுலேட்டர்தான் இன்று லினக்ஸ் உலகத்தில் விர்ச்சுவல் மெஷின் என்று சொல்லப்படும் பலவற்றுக்கும் உடம்பு. 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 கர்னலில் கேவிஎம் சேர்ந்தபோது அதற்கு வேகமும் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்த ஏற்பாட்டின் மையத்தில் ஓர் அழகான முடிவு இருக்கிறது. கெஸ்ட் தன் மொத்த மெமரி என்று நம்புவது, ஹோஸ்டின் பார்வையில், க்யூஎமு என்கிற ஒரு சாதாரண ப்ராசஸின் சாதாரண மெமரி. பிரவுசர் கேட்பது மாதிரி, ஒரு பாட்டுக் கேட்கும் நிரல் கேட்பது மாதிரி, க்யூஎமுவும் கர்னலிடம் போய் "4 ஜிபி கொடு" என்று கேட்கிறது. மெமரியை நிர்வகிக்கத் தனியாக எதுவும் எழுதவேண்டாம், லினக்ஸ் இருபது முப்பது வருடமாகச் செய்துவரும் வேலையை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மூளை.

ஆனால் சாதாரண ப்ராசஸ் என்று ஆகிவிட்டால், சாதாரண ப்ராசஸுக்கு லினக்ஸ் என்ன மரியாதை கொடுக்குமோ அதுதான் கெஸ்டுக்கும். லினக்ஸின் மரியாதை விசித்திரமானது. யார் வந்து எவ்வளவு மெமரி கேட்டாலும் முதலில் "சரி" என்று சொல்லிவிடும். கொடுப்பது வெறும் முகவரிகளை. உண்மையான மெமரி, 4 கேபி அளவுள்ள துண்டுகளாக, முதன்முதலாகத் தொடும்போதுதான் ஒவ்வொன்றாக வந்து சேரும். 4 ஜிபி என்றால் 10,48,576 துண்டுகள். கெஸ்ட் பிறக்கும்போது அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஹோஸ்டில் ஒரு பொருளும் இல்லை.

எவ்வளவு வரை "சரி" சொல்வது என்பதற்கு லினக்ஸில் ஒரு திருகு உண்டு. மூன்று நிலைகள். 1 என்று வைத்தால் எதைக் கேட்டாலும் சரி. 2 என்று வைத்தால் கையிருப்பைக் கணக்குப் பார்த்து, மிஞ்சினால் முடியாது என்று சொல்லும். யாரும் தொடாமல் விட்டால் இருப்பது 0. இந்த 0 என்ன செய்கிறது தெரியுமா? மொத்த மெமரியையும் ஸ்வாப்பையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாக ஒரே மூச்சில் கேட்டால் மட்டும் மறுக்கும். 8 ஜிபி உள்ள, ஸ்வாப் இல்லாத ஹோஸ்டில் ஐந்து கெஸ்டுகள் ஆளுக்கு 4 ஜிபி கேட்டால்? ஒவ்வொன்றும் தனித்தனியாக எட்டுக்குக் கீழேதானே கேட்கிறது. ஐந்துக்கும் சரி. கொடுத்த வாக்கு 20 ஜிபி, கையில் இருப்பது 8. கர்னலுக்குக் கூட்டல் தெரியாமல் இல்லை. கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

இதற்கு நியாயமான காரணம் உண்டு, மறைக்க மாட்டேன். சாதாரண நிரல்கள் கேட்பது அதிகம், தொடுவது குறைவு. ஒரு பெரிய நிரல் தன்னைப் போலவே ஒரு குழந்தையைப் பிரசவிக்கும்போது, காகிதத்தில் அதன் மெமரி இரட்டிப்பாகிறது. அந்தக் குழந்தை அடுத்த நொடியே வேறொரு சின்ன நிரலாக மாறிப் போய்விடும். அந்த ஒரு நொடிக்காகக் கறாராகக் கணக்குப் பார்த்தால் பல வேலைகள் அநாவசியமாக நின்றுபோகும். ஆகவே வாய்தாராளம்.

அந்தக் காரணம் கெஸ்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. கெஸ்டுக்குள் இருப்பது ஒரு நிரல் இல்லை, இன்னொரு முழு ஆபரேட்டிங் சிஸ்டம். தனக்கு 4 ஜிபி இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அந்த 4 ஜிபியையும் எப்படியாவது பயன்படுத்திவிட வேண்டும் என்பதுதான் அதன் வளர்ப்பு. சும்மா கிடக்கும் மெமரி வீண் என்று அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டிஸ்கிலிருந்து படித்த ஒவ்வொரு ஃபைலையும் அடுத்த முறைக்கு ஆகும் என்று மெமரியில் சேர்த்துவைக்கும். சில ஆபரேட்டிங் சிஸ்டங்கள் பூட் ஆகும்போதே காலித் துண்டுகள் அத்தனையிலும் சுழியம் எழுதிச் சுத்தம் செய்யும். தொட்டால்தான் வரும் என்றால், இவர்கள் எல்லாவற்றையும் தொடுகிறவர்கள். போதாக்குறைக்கு, கெஸ்டுக்குள் ஒரு நிரல் மெமரியைத் திருப்பிக் கொடுத்தால் அது கெஸ்டின் கைக்குத்தான் போகும். ஹோஸ்டுக்கு அது தெரியாது. தெரிவிக்கத் தனி ஏற்பாடு வைத்தால்தான் உண்டு.

இந்த இடத்தில் யாராவது கல்யாணக் கணக்கை எடுப்பார்கள். "ஆயிரம் பத்திரிகை அடிச்சா ஆயிரம் பேருமா சாப்பிட வர்றாங்க? எழுநூறு இலைக்குத்தானே சமைக்கிறோம்?" ஓப்பன்ஸ்டாக் என்ற மேகக்கணினி மென்பொருளில் இந்தக் கணக்கு பல ஆண்டுகள் ஓர் எண்ணாகவே எழுதிவைக்கப்பட்டிருந்தது: மெமரிக்கு 1.5. யாரும் மாற்றாவிட்டால், 100 ஜிபி இருக்கிற இயந்திரத்தில் 150 ஜிபிக்கு வாக்குக் கொடுக்கலாம்.

கல்யாணக் கணக்கு எனக்கும் தெரியும். அதில் இரண்டு விஷயம் இருக்கிறது, இங்கே இரண்டும் இல்லை. ஒன்று, வந்தவர் சாப்பிட்டு எழுந்து போவார், அந்த இலையில் அடுத்த பந்தி உட்காரும். இங்கே வந்தவர் எழுந்திருப்பதே இல்லை என்று மேலே பார்த்தோம். இன்னொன்று, சோறு தீர்ந்துபோனால் பெண்வீட்டாருக்கு ஊர் முன்னால் தலைகுனிவு. அந்த பயத்தில்தான் சமையல்காரரிடம் ஐம்பது இலை கூடவே சொல்லிவைப்பார்கள். இங்கே சோறு தீர்ந்தால் தலைகுனிவது யார்?

யாரும் இல்லை. கொல்லப்படுகிறவர் இருக்கிறார். ஓஓஎம் கில்லர் என்று லினக்ஸ் கர்னலில் ஒரு பகுதி. பெயரே அதுதான். மெமரி சுத்தமாகத் தீர்ந்து, எங்கிருந்தும் பிடுங்க முடியாத நிலை வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும். முன்கூட்டி விலக்குக் கொடுக்காதவரை, யார் அதிகமாக மெமரி வைத்திருக்கிறாரோ அவர் தலை உருளும். கெஸ்டுகளை மட்டுமே ஓட்டுகிற ஒரு ஹோஸ்டில் அதிக மெமரி வைத்திருப்பது யார்? ஏதோ ஒரு க்யூஎமு. அதாவது யாரோ ஒருவருடைய முழு இயந்திரம். கடைசியாகக் கை நீட்டியவர் ஒருவர், சாகிறவர் இன்னொருவர். காசு கொடுத்ததை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்தான் முதலில் சாவார். விருந்தில் சோறு தீர்ந்ததும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைத் தேடிப்பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளுகிற மாதிரி.

ஆண்ட்ரீஸ் பிரௌவர் என்ற கர்னல்காரர் இதைப் பற்றி ஒரு கேலிக்கதை எழுதினார். எரிபொருளைக் குறைத்துக்கொண்டு பறந்தால் லாபம் என்று கண்டுபிடித்த விமானக் கம்பெனி, எப்போதாவது எரிபொருள் தீரும்போது ஒரு பயணியைத் தேர்ந்தெடுத்து வெளியே எறிகிறது. பிறகு யாரை எறிவது என்பதற்கு நுட்பமான விதிமுறைகள் வகுக்கிறது. குண்டானவரா, வயதானவரா, காசு கொடுத்துத் தப்பிக்கலாமா என்றெல்லாம். எரிபொருளைக் கூட்டலாமே என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கதையைத் தெரியாத கர்னல்காரர்கள் குறைவு. சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்பதுதான் என் புகார்.

கொல்லப்பட்ட கெஸ்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் மோசம். அதற்கு நோட்டீஸ் கிடையாது. ஒயரைப் பிடுங்கியது போல. நான் பார்த்துக்கொண்ட ஒரு சின்னத் தளத்தின் டேட்டாபேஸ் ஒருநாள் அதிகாலையில் இப்படிப் போனது. உள்ளே லாக் முழுக்கத் தேடினால் கடைசி வரி வழக்கமான ஒரு வரி, அதற்கப்புறம் மறுபடி பூட் ஆன வரி. நடுவே ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது. கொலை நடந்தது வேறு வீட்டில், சாட்சியும் அந்த வீட்டில். வாடகைக்கு விட்டவருக்கு எழுதினால் "உங்கள் மெஷினுக்குள் ஏதாவது தவறாக ஓடியிருக்கலாம், பாருங்கள்" என்று பதில். நாலு நாள் பார்த்தேன்.

கொல்லாமல் விட்டாலும் இன்னொரு வழி உண்டு, ஸ்வாப். ஹோஸ்ட் சத்தமில்லாமல் கெஸ்டின் துண்டுகளை டிஸ்கில் தள்ளிவைக்கும். கெஸ்டோ தனக்கு மெமரி நெருக்கடி வந்தால் தன் பங்குக்கு எதைத் தள்ளலாம் என்று பார்த்து, அநேகமாக அதே பழைய துண்டைத்தான் தேர்ந்தெடுக்கும். ஏற்கெனவே டிஸ்கில் கிடப்பதை ஹோஸ்ட் மறுபடி மெமரிக்குக் கொண்டுவரும், கெஸ்ட் அதைத் திரும்ப டிஸ்கில் எழுதுவதற்காக. இரட்டைப் பேஜிங் என்று இதற்குப் பெயர் வைத்து 1970-களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். அப்போதும் ஐபிஎம் பெருங்கணினிகளில் விர்ச்சுவல் மெஷின்கள் இருந்தன. அரை நூற்றாண்டுப் பழைய வியாதி, இன்னும் அதே மருந்தில்லாத நிலையில்.

"சரி, வேறு எப்படித்தான் செய்வது?" என்று கேட்பீர்கள். செய்து காட்டியிருக்கிறார்கள். விஎம்வேரில் இருந்த கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-இல் இஎஸ்எக்ஸ் சர்வரின் மெமரி நிர்வாகம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தத் துறையில் எல்லோரும் படித்திருக்கவேண்டிய கட்டுரை. எல்லோரும் அதிலிருந்து பலூனை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பலூன் நல்ல தந்திரம்தான். ஹோஸ்டின் ஆள் ஒருவர் கெஸ்டுக்குள்ளேயே டிரைவர் வேடத்தில் உட்கார்ந்திருப்பார். ஹோஸ்டுக்கு மெமரி வேண்டுமென்றால் அவர் கெஸ்டிடம் மெமரி கேட்டு வாங்கிப் பலூன் போல ஊதிக்கொள்வார், வாங்கியதை வெளியே கடத்திவிடுவார். எதை விட்டுக்கொடுப்பது என்று கெஸ்டே முடிவு செய்வதால் இரட்டைப் பேஜிங் குறையும். கேவிஎம் உலகத்திலும் விர்ட்ஐஓ பலூன் என்று இது வந்துவிட்டது.

எடுத்துக்கொள்ளாமல் விட்டதுதான் முக்கியம். அந்தக் கட்டுரையில் ஒவ்வொரு கெஸ்டுக்கும் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, கெஸ்ட் தனக்கு இருப்பதாக நம்பும் உச்சம். இன்னொன்று, எவ்வளவு நெருக்கடி வந்தாலும் கிடைத்தே தீரும் குறைந்தபட்சம். புதிய கெஸ்டைத் துவக்கும் முன் வாசலில் ஒரு சோதனை. அந்தக் குறைந்தபட்சம் மெமரியில் இருக்கிறதா? உச்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு டிஸ்கில் இடம் ஒதுக்கியாயிற்றா? இல்லையென்றால் துவங்காது. மிகைவாக்கு அங்கேயும் உண்டு, ஆனால் கடைசிப் பருக்கை வரை எங்கிருந்து வரும் என்று எழுதிவைத்த மிகைவாக்கு. மெதுவாகப் போவீர்கள், சாகமாட்டீர்கள். விஎம்வேர் வியாபாரத்தில் என்னென்ன செய்திருக்கிறது என்பது வேறு கதை. இந்த விஷயத்தில் அவர்கள் நாணயமாக யோசித்திருக்கிறார்கள். கெஸ்டுக்குள் இருந்தபடியே எவ்வளவு பலூனுக்குப் போனது, எவ்வளவு ஸ்வாப்புக்குப் போனது என்று கேட்க ஒரு கட்டளைகூட வைத்தார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு கிழட்டு எமுலேட்டர். பாக்ஸ். கெவின் லாட்டன் தொண்ணூறுகளில் எழுத ஆரம்பித்தது. 2000-இல் மாண்ட்ரேக்சாஃப்ட் உரிமையை வாங்கி, எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒவ்வொரு கட்டளையையும் தானே படித்துத் தானே நடித்துக் காட்டும் வகை என்பதால் ஆமை வேகம். சொந்தமாக ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிப் பழகும் மாணவர்கள்தான் இன்று அதிகம் தொடுகிறார்கள். அதன் அமைப்புக் கோப்பில் மெமரிக்கு ஒரு வரி உண்டு. அந்த ஒரே வரியில் கெஸ்ட்=512, ஹோஸ்ட்=256 என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதலாம். முதல் எண் கெஸ்டிடம் சொல்வது. இரண்டாவது எண் உண்மையில் கொடுப்பது. இரண்டாவதைக் குறைவாக வைத்தால், இல்லாத மெமரியை இருப்பதாகக் கெஸ்டுக்குக் காட்டும் ஏமாற்று இது என்று ஆவணம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. ஹோஸ்ட் பங்கு தீர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறது: பேனிக், அத்தோடு நிற்கும். பிற்பாடு மிஞ்சியதை ஒரு கோப்பில் தள்ளிவைக்கவும் வழி செய்தார்கள். பொய் சொல்வதென்றால் அளவை எழுதிவைத்துவிட்டுச் சொல்லு என்கிற மனநிலை இது. க்யூஎமுவில் நீங்கள் கொடுப்பது ஓர் எண். இரண்டாவது எண்ணை யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை.

ஒரே மாதிரியான துண்டுகளை ஒன்றாக்கி மிச்சம் பிடிக்கும் கேஎஸ்எம் என்ற வித்தையைப் பற்றியும் சொல்லவேண்டும், சுருக்கமாக. 2009 டிசம்பரில் வந்த 2.6.32 கர்னலில் இது சேர்ந்தது. ஐம்பது கெஸ்டுகளில் ஒரே லினக்ஸ் ஓடினால் ஒரே துண்டு ஐம்பது இடத்தில் எதற்கு என்பது வாதம். 2016-இல் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர்கள் ஃபிளிப் ஃபெங் ஷுயி என்று ஒன்றைக் காட்டினார்கள். பக்கத்து வீட்டுக் கெஸ்டில் உள்ள துண்டோடு தன் துண்டை ஒட்டவைத்து, அந்த மெமரியில் ஒரு பிட்டைப் புரட்டி, அவருடைய சாவியையே உடைக்கலாம். மிச்சம் பிடித்தது வீட்டுக்காரர். பூட்டு உடைந்தது விருந்தாளிக்கு. மற்ற எல்லா இடத்திலும் நடப்பதுதான் இங்கேயும்.

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தை விட்டுவிட்டால் அது நேர்மை ஆகாது. அமேசானின் ஃபயர்கிராக்கர். லாம்டா சேவைக்காக எழுதிய சின்ன ஹைப்பர்வைசர். 2020-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், மெமரியையும் சிபியுவையும் 20 மடங்குக்கும் மேல் மிகைவாக்குக் கொடுத்துச் சோதித்ததாகவும், உண்மையான பயன்பாட்டில் 10 மடங்கு வரை சிக்கலின்றி ஓட்டியதாகவும் சொல்கிறார்கள். பத்து மடங்கு! நான் நம்புகிறேன். ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் யார்? அதிகபட்சம் 15 நிமிடம் உயிர்வாழும் சின்னச் சின்ன வேலைகள். எந்த வேலையை எந்த இயந்திரத்தில் வைப்பது என்பது முழுக்க அவர்கள் கையில். ஒரே நேரத்தில் பசிக்காதவர்களாகப் பார்த்து ஒரே பந்தியில் உட்காரவைக்க முடியும், அதற்கான ஆட்களும் கணக்கும் அவர்களிடம் உண்டு. அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டு, ஒரே ஒரு பழைய சர்வரில் இருபது டேட்டாபேஸ்களை அடைப்பவரிடம் அதில் எதுவும் இல்லை. சர்க்கஸ்காரர் கயிற்றில் நடக்கிறார் என்பதற்காக நம் தெருவில் பாலத்துக்குப் பதில் கயிறு கட்டுவார்களா?

"கறாராக இருந்தால் விலை ஏறும், பாவப்பட்டவன்தான் அடிபடுவான்" என்பது அடுத்தது. இந்தக் கரிசனம் எனக்குப் புல்லரிக்கிறது. விலை ஏறும், ஒத்துக்கொள்கிறேன். மலிவு வேண்டுமென்றால் மலிவை மலிவு என்று சொல்லி விற்கலாமே. அதே அமேசான் ஸ்பாட் என்ற பெயரில் குறைந்த விலைக்கு இயந்திரங்களை விடுகிறது, எங்களுக்குத் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்வோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு. எடுக்கும்போது 2 நிமிடம் முன்னால் எச்சரிக்கை வேறு. தெரிந்துகொண்டு வாங்குகிறவர் தன் வேலையை அதற்கேற்ப எழுதுகிறார். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

சிபியு விஷயத்தில் இதே லினக்ஸ் நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறது. கெஸ்டுக்குள் டாப் கட்டளையைப் போட்டுப் பாருங்கள், எஸ்டி என்று ஒரு பத்தி இருக்கும். ஸ்டீல். நீங்கள் ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்ட் உங்களை ஓடவிடாமல் எடுத்துக்கொண்ட நேரம். திருட்டு என்றே பெயர் வைத்து, எவ்வளவு சதவீதம் என்று உங்கள் முகத்துக்கு முன்னால் காட்டுகிறார்கள். அந்த ஒரு பத்தியை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் வாடகைக்காரரோடு சண்டைபோட்டு வேறு இயந்திரத்துக்கு மாறியிருக்கிறார்கள். மெமரிக்கு அப்படி எல்லோரும் பார்க்கிற ஒரு பத்தி இல்லை. வாக்குக் கொடுத்தது இவ்வளவு, உறுதி செய்தது இவ்வளவு, இப்போது டிஸ்கில் கிடப்பது இவ்வளவு என்று மூன்று எண்களைக் கெஸ்டுக்குச் சொல்ல முடியாத தொழில்நுட்பம் இல்லை இது. எண்கள் ஹோஸ்டிடம் இருக்கின்றன, பேசுவதற்கு விர்ட்ஐஓ வழி ஏற்கெனவே இருக்கிறது.

இல்லை என்று சொல்லவும் வழி இருக்கிறது. க்யூஎமுவின் கட்டளையில் ஓவர்கமிட் என்ற பெயரிலேயே ஒரு சுவிட்ச் உண்டு. அதில் மெமரியைப் பூட்டச் சொல்லலாம். சொல்லாவிட்டால் பூட்டாது. அல்லது 4 கேபி துண்டுகளுக்குப் பதிலாக 2 எம்பி பெரிய துண்டுகளை ஹோஸ்டில் முன்கூட்டியே ஒதுக்கிவைத்து, கெஸ்டுக்கு அதிலிருந்துதான் தரவேண்டும், அதுவும் துவங்கும்போதே முழுசாகத் தரவேண்டும் என்று எழுதலாம். அந்தத் துண்டுகள் ஸ்வாப்புக்குப் போகாது. வேறு யாரும் இடையில் வந்து எடுக்கவும் முடியாது. வீட்டில் என்னிடம் 16 ஜிபி உள்ள ஒரு பழைய மெஷின் இருக்கிறது. அதில் 6144 பெரிய துண்டுகள், அதாவது 12 ஜிபி, ஒதுக்கியிருக்கிறேன். 4 ஜிபி கெஸ்டுகள் மூன்று ஓடுகின்றன. துவங்கும்போது கொஞ்சம் தாமதம். நான்காவதைத் துவக்கினால் மெமரி ஒதுக்க முடியவில்லை என்று ஒரு வரி எர்ரர் வந்து அங்கேயே நிற்கிறது. உள்ளே ஓடும் மூன்றுக்கும் அப்படி ஒன்று வாசல்வரை வந்துபோனதே தெரியாது.